வரப்பெலி ஈரலில் வெள்ளைக் கோடுகள். இது என்ன, கறி சாப்பிட்டவர்களுக்கு ஏதாவது ஆகுமா?

ஆரணியாற்றங்கரை:

வணக்கம். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி எங்களுக்கு மூன்றரை ஏக்கர் கழனி. நவரைக்கு இந்த முறை பாபட்லா பொன்னி போட்டோம். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வரப்பெலி இறங்கிவிட்டது. அரிவாளால் சாய்த்து வெட்டினமாதிரி தூர் தூராக வெட்டிப் போட்டிருந்தது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள், ஒரு நாய், பக்கத்துக் கழனியில் மேயும் மாடு எல்லாம் இருப்பதால் மருந்து வைக்க எனக்கு மனசு வராது. வழக்கமாக வரும் இருளர் அண்ணனையும் அவர் வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "மருந்து வச்சியா?" என்பதுதான். வைத்தேன் என்று சொன்னால் கடப்பாரையைத் தொடாமல் திரும்பிப் போய்விடுவார். வளையின் மற்ற வாய்களை மண் வைத்து அடைத்துவிட்டு, ஒரு வாயில் மட்டும் ஓட்டைப் பானையை வைத்து வைக்கோல் புகையை உள்ளே ஊதுவார். அப்புறம்தான் தோண்டல். எலியும் அவர்களுக்கு, எலி உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லும் அவர்களுக்கு. மிச்சமிருக்கும் பயிர் எனக்கு. அன்றைக்குப் பதினெட்டு எலி, வளை நெல் இரண்டு மரக்கால் தேறியது.

விஷயத்துக்கு வருகிறேன். பம்புசெட் ஓரமாக உட்கார்ந்து அக்கா எலிகளைச் சுத்தம் செய்தார். முடியைத் தீயில் பொசுக்கி, வயிற்றைக் கீறி, குடலைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு ஈரலையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு ஈரலைத் தனியாக எறிந்தார். கேட்டதற்கு, "பூத்துப்போச்சு, இது வேணாம்" என்றார்.

நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பான ஈரல்மேல் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள். கூடவே, சுண்ணாம்பு ஒட்டின விரலை யாரோ இழுத்துத் துடைத்தமாதிரி கோணல் கோடுகள். சில இடத்தில் கோடுகள் சேர்ந்து திட்டாகியிருந்தன. ஆறில் ஒன்று மட்டும் வேறு ரகம்: கோடு இல்லை, பட்டாணி அளவில் ஒரே ஒரு வெள்ளை முண்டு. இன்னொரு எலிக்கு இரைப்பை கிழிந்துவிட்டது, நெல் மாவுக்கு நடுவில் சேமியா மாதிரி தடித்த புழுக்கள் நெளிந்தன.

கறியை நெருப்பில் சுட்டு, உப்பும் மிளகாயும் தடவிச் சாப்பிட்டார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், வீட்டில் சொல்லவில்லை. எறிந்த ஈரலில் இரண்டை என் நாய் லபக்கென்று விழுங்கிவிட்டது. மிச்சத்தை அடுப்பில் போடு என்று அக்கா சொன்னார். நாற்றம் வருமே என்று நான்தான் வரப்போரம் ஒரு சாண் குழி எடுத்துப் புதைத்தேன்.

இது புழுவா, வேறு நோயா? எனக்கும் நாய்க்கும் ஏதாவது வருமா? அண்ணனைக் கேட்டால் சிரிக்கிறார். "எங்க தாத்தா காலத்துலயே பூத்த ஈரல் உண்டு" என்கிறார், அவ்வளவுதான்.


பிச்சாட்டூர் பையன்:

அது மருந்து தின்ன எலி அண்ணா. நீங்க வைக்கலன்னா பக்கத்துக் கழனிக்காரர் வச்சிருப்பார். ஈரல் வெளுத்தாலே மருந்துதான். எங்க பக்கம் பந்திகொக்கு கறின்னாலே தூர ஓடுவாங்க, நீங்க ரெண்டு துண்டு சாப்பிட்டேன்னு எழுதுறீங்க! புழுன்னு சந்தேகம் இருந்தா அடுத்த தடவை எலிக்கெல்லாம் பூச்சி மாத்திரை கொடுத்துட்டுப் பிடிங்க.


பழைய ஸ்லைடு:

தம்பி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். சுட்ட கறி சாப்பிட்டதால் அந்தப் பூத்த ஈரல் சமாச்சாரம் உங்களுக்கு வராது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. கால்நடை ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருபத்தாறு வருஷம் இருந்தேன், அதில் பாதி எலி வயிற்றைத் திறப்பதிலேயே போயிற்று. இப்போது திருத்தணியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். கையில் கத்திரி பிடித்த பழக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து இல்லை அது. ஜிங்க் பாஸ்பைடு தின்ற எலியை அறுத்தால் வயிற்றிலிருந்து பூண்டு நாற்றம் வரும். புரோமோடையலோன் கேக் தின்ற எலிக்கு உள்ளே ரத்தம் கசிந்து கட்டியிருக்கும். இரண்டுமே ஈரலில் சுண்ணாம்புக் கோடு இழுப்பதில்லை. பிச்சாட்டூர் தம்பிக்கு ஒரு கொசுறுச் செய்தி: பந்திகொக்கு என்று உங்கள் தெலுங்கில் சொல்வதைத்தான் வெள்ளைக்காரன் பேண்டிகூட் ஆக்கினான். பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி. அந்தப் பெயர் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே எலி இனமே அல்லாத ஒரு பைம்மிருகத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

சரி, ஈரல். அந்த அக்கா சொன்ன 'பூத்தது' என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. நாங்கள் ரிப்போர்ட்டில் 'வெண்மஞ்சள் திட்டுகள்' என்று எழுதுவோம். அவர் சொல்தான் அழகு. அதைச் செய்வது கேப்பில்லேரியா ஹெப்பாட்டிகா என்ற உருளைப்புழு. 1893-லேயே விவரித்து வைத்த புழு. இப்போது கலோடியம் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் பழையதுதான் வருகிறது. ஆனால் நீங்கள் கண்ட கோடு புழு இல்லை. புழு தலைமுடி மாதிரி, ஈரலுக்குள் தைத்துவிட்டதுபோலப் பின்னிக் கிடக்கும். ஊசி முனையில் இழுத்தால் துண்டு துண்டாக அறுந்து வரும். ஒரு முழுப் புழுவை உருவி எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஒரு நாளும் முடிந்ததில்லை. கோடாகத் தெரிவது அது போட்ட முட்டைக் குவியலும், அதைச் சுற்றி எலியின் உடம்பு கட்டிய தழும்பும்.

இந்தப் புழுவிடம் விசித்திரம் என்னவென்றால், வெளியே போக அதற்கு வழி கிடையாது. மற்றக் குடல் புழுக்கள் முட்டையை எலிப் புழுக்கையோடு வெளியே அனுப்பிவிடும். இது ஈரலின் சதைக்குள்ளேயே முட்டையிடுகிறது. முட்டை அங்கேயே சிறைபட்டுக் கிடக்கும். தாய்ப்புழு சில வாரத்தில் செத்துக் கரைந்துவிடும், முட்டை மட்டும் எலி உயிரோடிருக்கும்வரை காத்திருக்கும். எலி செத்து மண்ணில் அழுக வேண்டும். இல்லையென்றால் அதை நாயோ பூனையோ சாரைப்பாம்போ கூகையோ இன்னொரு எலியோ தின்ன வேண்டும். தின்றவற்றின் குடல் வழியாக முட்டை அப்படியே வெளியே வந்துவிடும். அப்போதும் அது பச்சை முட்டைதான். ஈரமும் காற்றும் உள்ள மண்ணில் ஒரு மாதத்துக்குமேல் கிடந்து, உள்ளே குஞ்சு பிடித்த பிறகுதான் அதற்குத் தொற்றும் சக்தி வரும். அந்த மண் ஒட்டிய நெல்லையோ, தன் காலையோ நக்கும் எலிக்குக் குடலில் முட்டை பொரியும். குஞ்சுப்புழு ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சேரும். மறுபடி முதலிலிருந்து.

இதனால்தான் உங்களுக்குப் பயமில்லை என்றேன். அறுத்த ஈரலில் இருப்பது பச்சை முட்டை. சுட்டதில் அதுவும் வெந்து போயிருக்கும். வேகாமல் தின்றாலும் குடல் வழியாக அப்படியே வெளியே போய்விடும். அந்தச் சமயத்தில் யாராவது மலப் பரிசோதனை செய்தால் முட்டையைப் பார்த்து லேப்காரர் குழம்புவார், அவ்வளவே. மனுஷருக்கு நிஜமாகத் தொற்றுவது மண்ணிலிருந்து, அதுவும் மிக அபூர்வம். 1924-ல் முதன்முதலில் எழுதப்பட்ட மனித நோயாளி, இந்தியாவில் இருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். பெரும்பாலும் மண் தின்னும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் வந்திருக்கிறது. எலி வளை தோண்டிய மண்ணில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். தோண்டியவர்கள் சோறு தின்னும்முன் நன்றாகக் கை கழுவட்டும்.

உங்கள் நாயும் நோயாளி இல்லை, டவுன் பஸ். இரண்டு ஈரலையும் ஏற்றிக்கொண்டு போய், ஊரெல்லாம் முட்டையை இறக்கிவிட்டிருக்கும்.

நீங்கள் புதைத்தீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சாண் ஆழம், வரப்பின் ஈர மண், சுற்றிலும் எலி. புழுவே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல இடம் பார்த்திருக்காது. அக்கா சொன்னபடி அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

பட்டாணி முண்டு வேறு கதை. அது உருளைப்புழு இல்லை, நாடாப்புழுவின் குஞ்சு. அடுத்த முறை கீறிப் பாருங்கள், உள்ளே வெள்ளை ரிப்பன் சுருட்டி வைத்தமாதிரி இருக்கும். அதன் சொந்த வீடு பூனையின் குடல். பூனை எலியைத் தின்றால்தான் அது பெரிதாகும். உங்கள் பம்புசெட் பக்கம் பூனை நடமாட்டம் இருக்கிறதா?

இரைப்பையில் நெளிந்த சேமியா, மாஸ்டோஃபோரஸ் அல்லது புரோட்டோஸ்பைரூரா. இரண்டும் அக்கா தங்கை மாதிரி, லென்ஸ் இல்லாமல் பிரிக்க முடியாது. அவற்றுக்கு நடுவில் ஒரு பூச்சி வேண்டும். புழுக்கையில் கிடக்கும் முட்டையைக் கரப்பானோ வண்டோ தின்னும், அந்தப் பூச்சியை எலி தின்னும். வரப்பெலி நெல் மட்டும்தான் தின்கிறது என்று நினைக்கிறோம். அதன் இரைப்பைப் புழுவைப் பார்த்தால் பூச்சியும் தின்றிருக்கிறது என்று தெரிந்துபோகும்.

இந்த இரைப்பைப் புழுக்களின் உறவுக்காரப் புழு ஒன்று நோபல் பரிசே வாங்கிக் கொடுத்திருக்கிறது. டென்மார்க்கில் யோஹான்னஸ் ஃபிபிகர் என்பவர், கரப்பான் தின்ற எலிகளின் இரைப்பையில் கோங்கைலோனீமா என்ற புழுவையும் கட்டிகளையும் பார்த்துவிட்டு, புழுதான் புற்றுநோய் உண்டாக்குகிறது என்றார். 1926-க்கான பரிசு அவருக்கு. பிறகு பார்த்தால் அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ இல்லாத தீனி போட்டிருந்ததுதான் முக்கியக் காரணம், கட்டிகளும் புற்று இல்லை. பாவம், புழுவின்மேல் பழி.

கடைசியாக ஒன்று, இதுதான் நிஜமாகப் பயப்பட வேண்டியது. எலியை வெறுங்கையால் கீறாதீர்கள். ஈரலை விடுங்கள், மூத்திரமும் சிறுநீரகமும்தான் ஆபத்து. கையில் சிராய்ப்பு இருந்தால் அந்த வழியாக எலிக்காய்ச்சல் ஏறும். கழனி வேலைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் டாக்டரிடம் எலி பிடித்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?


ஆரணியாற்றங்கரை:

ரொம்ப நன்றி அம்மா. மூன்று முறை படித்தேன், ஒருமுறை அண்ணனுக்கும் அக்காவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல அடுப்புல போடுன்னு" என்று அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

போன வாரம் மறுபடி இரண்டு வளை வெட்டினோம். பூத்த ஈரல் ஒன்று கிடைத்தது. கையுறை போட்டு, டப்பாவில் போட்டு, எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கும் தெரிந்த சாரிடம் கொண்டுபோனேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்து, கடுகளவு எடுத்து இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னார். மத்தளம் அம்மா! குட்டி குட்டி மத்தளங்கள். நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் குறுகி, இரண்டு முனையிலும் தோல் கட்டினமாதிரி மூடி. கோயிலில் அடுக்கி வைத்தமாதிரி நூற்றுக்கணக்கில். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

பூனை உண்டு, பம்புசெட் கூரைமேல்தான் தூங்கும். பட்டாணி முண்டுக்கு அதுதான் காரணமா!

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது, சிரிக்காதீர்கள். ஈரலை இப்படிக் கெடுக்கிற புழு என்றால், பூத்த ஈரலை எல்லாம் சேர்த்து அரைத்து, மண்ணில் ஒரு மாதம் பதப்படுத்தி, கழனி முழுக்கத் தெளித்தால் எலி ஒழியாதா? மருந்துச் செலவு மிச்சம்.


புளியரை தென்னை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் செங்கோட்டைப் பக்கம், கேரள எல்லையில் இருக்கிறேன். 1956 நவம்பருக்கு முன்னால் நாங்களே திருவிதாங்கூர்-கொச்சிதான், இப்போதும் பாதி சொந்தம் மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் பிரச்சினை எலியும் நத்தையும். ஆப்பிரிக்க ராட்சத நத்தை, உள்ளங்கை அளவு இருக்கும். மழை பிடித்தால் பப்பாளித் தண்டிலும் தென்னங்கன்றிலும் அப்பிக்கொள்ளும். தென்னையில் எலி குரும்பையை ஓட்டை போட்டுத் தள்ளுகிறது, கீழே நத்தை. எலி கடித்த நத்தை ஓடுகளை மரத்தடியில் பார்த்திருக்கிறேன்.

புனலூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி, "அண்ணாச்சி, நத்தையை வெறுங்கையால் தொடாதீங்க, எலிப்புழு மூளைக்குப் போகுமாம்" என்கிறாள். நத்தையில் எப்படி எலிப்புழு வரும்? எலியில் இருக்கும் புழு மூளைக்கு எப்படிப் போகும்? கதை விடுகிறாள் என்று நினைத்தேன். இந்த அம்மா எழுதியதைப் பார்த்ததும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.


பழைய ஸ்லைடு:

புளியரைத் தம்பி, உங்கள் தங்கச்சி சொன்னது கதை இல்லை.

அந்தப் புழுவுக்கு ஆஞ்சியோஸ்ட்ராங்கைலஸ் கேன்டொனென்சிஸ் என்று நாக்குச் சுளுக்கும் பெயர். 1935-ல் சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளில் கண்டது. எலியின் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் குடியிருக்கும். பெண் புழுவைப் பார்க்கவே அழகு: சவ்வு மிட்டாய்க்காரர் கம்பில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கி வைத்திருப்பாரே, அதேதான். சிவப்பு, குடித்த ரத்தம் நிறைந்த குடல். வெள்ளை, அதைச் சுற்றிய கருப்பை.

நுரையீரலில் பொரித்த குஞ்சு எலியின் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, புழுக்கையில் வெளியே வரும். நத்தை எலிப் புழுக்கையைத் தின்னும். உங்கள் தோட்டத்தில் இரண்டும் ஒரே மரத்தடியில் இருக்கின்றன. நத்தையின் சதையில் குஞ்சு இரண்டு முறை சட்டை உரித்து வளரும். அந்த நத்தையை எலி கடித்தால் மறுபடி எலிக்குள். அப்போதும் நேராக நுரையீரலுக்குப் போகாது. முதலில் மூளைக்குப் போய் அங்கே கொஞ்ச நாள் வளர்ந்து, பிறகுதான் கீழே இறங்கும். எலிக்கு இது பழகிப்போன வழி, பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மனுஷன் உடம்பில் வழி தெரியாமல் மூளை உறையிலேயே நின்று செத்துப்போகும். செத்த புழுவைச் சுற்றி உடம்பு கிளர்ந்தெழுவதுதான் அந்த மூளைக்காய்ச்சல்: தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு. பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், ஆனால் லேசான விஷயம் இல்லை. மனுஷரில் முதலில் கண்டது 1940-களின் நடுவில், தைவானில்.

தொட்டதும் ஏறிவிடாது. கையில் ஒட்டியது வாய்க்குப் போனால்தான் வம்பு. கையுறை போட்டுப் பொறுக்குங்கள். நனைத்த சாக்குக்குள் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு ராத்திரி வைத்தால் காலையில் கூட்டமாக ஏறியிருக்கும், அப்படியே உப்புத் தண்ணீரில் கொட்டலாம். நத்தை ஊர்ந்த கீரையையும் கொத்தமல்லியையும் பச்சையாகத் தின்ன வேண்டாம். நம் பக்கம் மூலத்துக்கு நத்தைக்கறி தின்கிறவர்கள் உண்டு. நன்றாக வெந்தால் பயமில்லை, அரைவேக்காடுதான் ஆபத்து. நத்தையைத் தின்ற உடும்பின் சதையிலும் அந்தக் குஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கும். பலம் வருமென்று உடும்பைப் பச்சையாகத் தின்று இந்தத் தலைவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. உடும்பைப் பிடிப்பதே 1972-ம் வருஷச் சட்டப்படி குற்றம், அது வேறு.

ஆரணியாற்றுத் தம்பி, உங்கள் யோசனைக்குச் சிரிக்க மாட்டேன். உங்களுக்கு முன்னால் ஆஸ்திரேலியாக்காரர்கள் இதையே யோசித்து, செலவு செய்து, செய்தும் பார்த்துவிட்டார்கள். அங்கே கோதுமைப் பிரதேசத்தில் சில வருஷம் சுண்டெலி வெள்ளம்போலப் பெருகும். 1990-களில் இதே ஈரல் புழுவை வயல் எலிகளில் பரப்பிப் பார்த்தார்கள். ஆய்வகக் கூண்டில் நல்ல பலன், புழு உள்ள பெண் எலிகள் குட்டி போடுவது குறைந்தது. வயலில் ஒன்றும் நடக்கவில்லை, எலி பாட்டுக்கு எலி பெருகியது. எலிக்கு ஈரல் பாதி தழும்பானாலும் மீதி வேலை செய்யும், குட்டி போடும், உங்கள் பாபட்லாவையும் வெட்டும். உங்கள் வளையில் கிடைத்ததும் அப்படித்தானே? பூத்த ஈரல் இருந்த எலிகள் மெலிந்தா இருந்தன?

இன்னொன்றும் கவனியுங்கள். பட்டாணி முண்டைக் கழித்தால் பதினெட்டில் ஐந்துதான் பூத்தது. நாங்கள் திறந்ததிலும் எப்போதும் இதே கதை: பாதிக்குமேல் எலிகளில் ஒன்றோ இரண்டோ புழு, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. நாலைந்து எலியில் மட்டும் குடல் நிறைய அடைந்திருக்கும். ஒரு கூடை எலியின் மொத்தப் புழுவில் பெரும்பங்கு அந்த நாலைந்துக்குள்தான். ஆரம்பத்தில் நான் எண்ணத் தெரியாமல் தப்பு செய்கிறேன் என்று நினைத்து மறுபடி மறுபடி எண்ணினேன். எந்த மிருகத்தைப் பிடித்தாலும் ஒட்டுண்ணிக் கணக்கு இப்படித்தான் விழும் என்று அப்புறம் எங்கள் சார் சொன்னார். பெரும்பாலும் வயசான எலிகள். அதிக நாள் உயிரோடிருந்தால் அதிக மண் நக்கியிருக்கும்.

பிச்சாட்டூர் தம்பியின் பூச்சி மாத்திரைக்கும் பதில் பாக்கி. விளையாட்டாகச் சொன்னார், இங்கிலாந்தில் நிஜமாகவே செய்திருக்கிறார்கள். காட்டு எலிகளைப் பிடித்து ஐவர்மெக்டின் கொடுத்து விட்டார்கள். குடலில் உருளைப்புழு குறைந்ததும், அதே இடத்தில் புழுவோடு போட்டி போட்டுக்கொண்டு அடங்கியிருந்த ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஒன்று குபீரென்று பெருகிவிட்டது. மருந்து வேகம் தீர்ந்ததும் புழு திரும்பி வந்தது, மற்றது பழையபடி அடங்கியது. ஒவ்வொரு எலிக்குள்ளும் ஒரு கூட்டுக்குடித்தனம் நடக்கிறது, ஒருவரை வெளியே தள்ளினால் இன்னொருவர் அறையைப் பிடித்துக்கொள்வார்.

கூட்டுக்குடித்தனத்தில் சிலர் வேறு வீட்டுக்கு அவ்வளவாகப் போகமாட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சி மாதிரி எலிகளுக்கும் சைஃபேசியா என்று ஒன்று உண்டு. சுண்டெலிக்கு ஒரு ஜாதி, பெரிய எலிக்கு வேறு ஜாதி. ஈரல் புழு அப்படியில்லை, கிடைத்த ஈரலில் எல்லாம் உட்காரும். ஆனாலும் எலிதான் அதற்குச் சொந்த ஊர்.


ஆரணியாற்றங்கரை:

அம்மா, மெலியவே இல்லை. பூத்த ஈரல் இருந்ததில் இரண்டு எலி அன்றைக்குப் பிடித்ததிலேயே பெரிசு. ஒன்று வயிற்றில் ஏழு குட்டி வைத்திருந்தது.

அண்ணனிடம் ஆஸ்திரேலியா விஷயத்தைச் சொன்னேன். "புகை போடத் தெரியாதவங்க" என்றார்.

நேற்றுச் சாயங்காலம் ஈரல் புதைத்த இடத்தைத் தோண்டி எடுத்து எரித்துவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்திருந்தேன். செங்கல் அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே கைப்பிடி அளவுக்குப் புது மண் தள்ளி, புதுசாக ஒரு வளை வாய். மண் இன்னும் காயவில்லை.


பழைய ஸ்லைடு:

தோண்டுகிறவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். அந்த வளையில் பிடிக்கும் எலியின் ஈரலை ஒரு போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள். அப்புறம் அடுப்பு.